எபிசோட்டின் நீளத்தை அளப்பது யார்?

அரை மணி நாடகம் என்று வீட்டில் சொல்கிறோம். அதில் கதை ஓடுவது ஏறக்குறைய 22 நிமிடம்தான். தமிழ்நாட்டுச் சனல்களைக் கட்டுப்படுத்தும் இந்திய விதிப்படி ஒரு மணித்தியாலத்தில் விளம்பரம் 12 நிமிடத்தைத் தாண்டக்கூடாது. அரை மணிக்கு 6 நிமிடம். மிஞ்சும் 24இல் பெயர்ப்பாட்டும் முன்கதையும் ‘நாளை’ என்று காட்டும் துண்டும் கழிந்தால் எழுதுபவரின் கைக்கு வருவது அவ்வளவுதான். அமெரிக்கத் தொலைக்காட்சியிலும் இதே மாதிரிக் கணக்கு: அரை மணி நகைச்சுவைத் தொடர் 21, 22 நிமிடம், ஒரு மணித் தொடர் 42 முதல் 44 நிமிடம்.

இந்த எண்கள் எந்தக் கதாசிரியரின் மனதிலும் பிறந்தவை அல்ல. ஒரு தொடர் ஏன் இப்படி இருக்கிறது என்று அறிய, கதையைத் தொடமுன் மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும். காசு தருபவர் யார்? அவர் எதற்காகத் தருகிறார்? பார்ப்பவர் எந்த இடத்தில் எழும்பிப் போகக்கூடும்? ஸ்ட்ரீமிங் இந்த மூன்றையும் மாற்றியது. எபிசோட்டின் நீளம், எண்ணிக்கை, முடிகிற விதம், பேச்சின் ஓட்டம் எல்லாம் அதன் பின்னால் இழுபட்டு மாறியவை.

மட்டக்களப்பாருக்கு இது பழகிய சங்கதி. கூத்தாடும் வட்டமான களமான வட்டக்களரியில் வடமோடி, தென்மோடி என்ற இரு வகைக் கூத்தும் விடியும்வரை போவதற்குக் கதையின் நீளம் மட்டும் காரணமல்ல. ஒவ்வொரு பாத்திரமும் வரவு ஆடி வர வேண்டும். ஆடுபவர் மாதக்கணக்காகப் பழகியவர். அவருடைய சொந்தபந்தம் களரியைச் சுற்றி இருக்கிறது. நடுவில் கண்ணயர்ந்தவர் மத்தளச் சத்தத்தில் எழும்பினாலும் கதை பிடிபட வேண்டும். அதனால் பாடிய அடியைப் பிற்பாட்டுக்காரர் திருப்பிப் பாடுகிறார்கள். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இதே கூத்தை, முன்பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ போன்றவை ஓரிரு மணித்தியாலத்துக்குள் அடங்கின. அங்கே முதலில் குறைந்தவை நீண்ட வரவும் திருப்பிப் பாடுதலும். பார்ப்பவர் கதிரையில் விழித்திருக்கிறார், பிறகு வீடு போக வேண்டும். அளவு மாறியதும் வடிவம் மாறியது.

பகுதி பகுதியாகச் சொல்வதும் இங்கே பழையதுதான். கண்ணகை அம்மன் கோவில்களின் வைகாசிச் சடங்கில் கண்ணகி கதையான வழக்குரை நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகப் பாடப்பட்டுக் குளிர்த்தி என்ற நிறைவுச் சடங்கில் முடிகிறது. பாண்டிருப்பு திரௌபதி அம்மன் கோவிலில் பாரதம் 18 நாள் நடந்து தீமிதிப்புக்கு வந்து சேர்கிறது. ஒரே இரவில் முழுவதும் தருவது, நாளுக்கு ஒரு பகுதி தருவது. இன்று வெளியீட்டு உத்தி என்று பேசப்படும் இரண்டும் நம் களரியிலும் கோவில் முன்றலிலும் இருந்தவை.

மெகா தொடரின் இயந்திரம்

நாள்தொடரைக் குறைசொல்வது லேசு. அது எந்த வேலைக்காகக் கட்டப்பட்டது என்று பார்ப்பதுதான் நியாயம். திங்கள் முதல் வெள்ளிவரை ஒளிபரப்பினால் வருடத்துக்கு 260 எபிசோட் வேண்டும். சனியும் சேர்ந்தால் 312. சன் டிவியில் 2003 முதல் 2009 வரை ஓடிய ‘கோலங்கள்’ 1500 எபிசோட்டைத் தாண்டியது. அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க, படப்பிடிப்புக் குழு ஒரு நாளில் ஏறக்குறைய ஓர் எபிசோட்டையே எடுத்து முடிக்க வேண்டும். சினிமா முறையில் எடுப்பவர்களுக்கு ஒரு நாளில் 4, 5 நிமிடக் காட்சி தேறினால் நல்ல நாள். இங்கே தேவை 22 நிமிடம்.

இந்த இடைவெளியை நிரப்பவே நமக்குப் பழகிய உத்திகள் எல்லாம் வந்தன. ஒரே வீட்டு முன்கூடம், அதனால் விளக்கை மாற்றிக் கட்டத் தேவையில்லை. ஒரு அதிர்ச்சிச் செய்திக்கு நாலு முகம், ஒவ்வொரு முகத்துக்கும் 4 செக்கன், பிறகு அதே சுற்று இன்னொருமுறை: அரை நிமிடம் சேர்ந்துவிட்டது, ஒரு வரி வசனமும் செலவாகவில்லை. நேற்று நடந்ததை இன்று ஒருவர் மற்றவரிடம் வாய்விட்டுச் சொல்வார், ஏனென்றால் பார்ப்பவர் இரண்டு நாள் தவறவிட்டிருக்கலாம். திரும்ப ஓட்டிப் பார்க்க வழியில்லை. குசினியில் கறி தாளிப்பவருக்குக் காது மட்டும் போதும் என்கிற அளவுக்கு வசனம் கதையைச் சுமக்கும். விளம்பரம் வரும் இடத்தில் பார்ப்பவரை இழுத்துப்பிடிக்கும் ஒரு கொக்கி, கிழமை முடியும் நாளில் பெரிய கொக்கி. பார்வையாளர் அளவீடு கிழமைக்கு ஒருமுறை வருவதால் கதையின் திருப்பமும் கிழமைக் கணக்கில்தான் திட்டமிடப்படும். முடிவு கதை கேட்கும் இடத்தில் வருவதில்லை, அளவீடு இறங்கிய பிறகே வருகிறது.

இதற்கெல்லாம் அடியில் ஒரு வீடு இருக்கிறது. வருடக்கணக்கில் கதை ஓட வேண்டுமானால், ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போகாதவர்கள் ஒரே கூரையின் கீழ் விலக முடியாமல் இருக்க வேண்டும். தமிழ்நாட்டுத் தொடர்களுக்கு அந்தக் கூரை மாமியார் வீடு; வெளியிலிருந்து வருபவள் மருமகள். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் தமிழர், முஸ்லிம் இரு சமூகத்திலும் வீடு பெரும்பாலும் பெண்ணுக்குச் சீதனமாகப் போகிறது. கலியாணம் முடித்து வீட்டுக்குள் வருபவர் மருமகன். தாய், மகள், தங்கை என்று பெண்கள் பக்கத்துப் பக்கத்து வளவில் இருக்கிறார்கள். இரண்டு தலைமுறையாக நாம் மாலைதோறும் பார்த்தது நம் வீட்டின் சண்டை அல்ல. இங்கிருந்து எழுத வருபவர்கள் மாமியார் கொடுமையை அப்படியே தூக்கிவைக்கும்போது கதை ஒட்டாமல் போவது இதனால்தான்.

2013க்குப் பிறகு

2013 பெப்ரவரி 1ஆம் திகதி நெட்பிளிக்ஸ் ‘ஹவுஸ் ஒஃப் கார்ட்ஸ்’ தொடரின் 13 எபிசோட்டையும் ஒரே நாளில் வெளியிட்டது. அந்த நிறுவனத்துக்கு இரவு எட்டு மணி என்று விற்க ஒன்றும் இல்லை. அது விற்பது மாதச் சந்தா. ஆகவே ஒரு தொடர் செய்ய வேண்டிய வேலை இரண்டு: புதியவரைச் சேர வைப்பது, சேர்ந்தவரை அடுத்த மாதமும் இருக்க வைப்பது.

அதற்கு முன் அமெரிக்கச் சனல்கள் ஒரு சீசனுக்கு 22 முதல் 24 எபிசோட் எடுத்தன. 100 எபிசோட் சேர்ந்தால் மறு ஒளிபரப்புக்கு வேறு சனல்களுக்கு விற்கலாம் என்பது பழைய இலக்கு. தன் மேடையிலேயே எந்நாளும் கிடக்கப்போகும் தொடருக்கு அந்த இலக்கு தேவையில்லை. சீசன் 13 ஆனது, 10 ஆனது, பிறகு 8. ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ 2016இல் 8 எபிசோட்டோடு தொடங்கியது. தமிழில் 2022இல் பிரைம் வீடியோவில் வந்த ‘சுழல்’, ‘வதந்தி’ இரண்டும் 8. நெட்பிளிக்ஸ் 2016 ஜனவரியில் ஒரேயடியாக 130 நாடுகளுக்கு மேல் விரிந்தபோது இலங்கையும் அதில் சேர்ந்தது. பிரைம் வீடியோ அதே வருடம் டிசம்பரில் வந்தது. கலிபோர்னியாவில் நள்ளிரவில் திறக்கப்படும் அமெரிக்கத் தொடர் நமக்குப் பகல் 12.30க்கு வரும், அங்கே குளிர்காலமானால் 1.30க்கு. பிரதான நேரம் என்ற சொல்லுக்கே பொருள் போய்விட்டது.

நீளத்தின் கட்டும் அவிழ்ந்தது. ஒரே சீசனில் ஓர் எபிசோட் 35 நிமிடம், இன்னொன்று 60 நிமிடம் என்று இருக்கலாம். ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ நான்காம் சீசனின் கடைசி எபிசோட் இரண்டேகால் மணித்தியாலத்துக்கு மேல் போனது. விளம்பர இடைவேளை இல்லாததால் உள்கட்டும் மாறியது. முன்பு ஒரு மணித் தொடரைத் தொடக்கத் துண்டும் நாலைந்து அங்கமுமாகப் பிரித்து, ஒவ்வொரு அங்கத்தையும் ஒரு கொக்கியில் முடிப்பார்கள். இப்போது நடுவில் கொக்கி தேவையில்லை என்றானது. அடுத்த எபிசோட் சில செக்கனில் தானாகவே தொடங்குவதால் கடைசி நிமிடம்தான் வெளியேறும் கதவு. எழுதுபவர்களின் பலம் முழுவதும் அங்கே போய்ச் சேர்ந்தது. 2017இல் வந்த, பெயர்ப்பாட்டைத் தாண்டிச் செல்லும் பொத்தான் இன்னொரு வழக்கத்தை மாற்றியது: ஒன்றரை நிமிடப் பாட்டுக்குப் பதில் 5 செக்கன் பெயர்ப்பலகை போதும் என்று பல தொடர்கள் தீர்மானித்தன.

இந்த மாற்றத்தால் உண்மையாகவே கிடைத்த நன்மை பேச்சுத் தமிழுக்குத்தான். ஒருமுறை காதில் விழுந்து மறையும் ஒளிபரப்பில் எல்லா ஊருக்கும் விளங்கும் ஒரு நடுத்தரத் தமிழ் வேண்டியிருந்தது. நிறுத்தி, பின்னுக்குப் போய், துணைவரியோடு பார்க்கக்கூடிய இடத்தில் அந்தக் கட்டாயம் இல்லை. “மறுகா” (பிறகு), “கிறுகிப் போ” (திரும்பிப் போ), “எப்பகா வந்த?” என்று மட்டக்களப்புப் பேச்சில் பாத்திரங்கள் பேசினால் சென்னைக்காரருக்கு முதல் எபிசோட் கொஞ்சம் தடக்கும், இரண்டாவதில் காது பழகிவிடும். இங்கே எடுக்கிறவர்கள் இந்தச் சலுகையை இன்னும் முழுதாக எடுத்துக்கொள்ளவில்லை. மட்டக்களப்புக் கல்லடியில் நடக்கும் கதையில் ஏன் சென்னைத் தமிழ்?

எட்டு எபிசோட் எங்கே தொய்கிறது

கட்டு அவிழ்ந்ததால் வந்த பெரிய பிழை, இரண்டு மணித்தியாலப் படத்துக்கான கதையை ஆறு மணித்தியாலத்துக்கு இழுப்பது. 8 எபிசோட், ஒவ்வொன்றும் 45 நிமிடம் என்றால் 360 நிமிடம். 120 நிமிடக் கதை அதற்குள் போனால் முதல் இரண்டும் கடைசி இரண்டும் நன்றாக இருக்கும். 4, 5, 6 தண்ணீராகும். குற்றத் தொடர்களில் இது ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் தெரியும்: எபிசோட் முடிவில் ஒருவர் மீது சந்தேகம் விழும், அடுத்ததின் முதல் 10 நிமிடத்தில் அவர் குற்றமற்றவர் என்று தெரியும், முடிவில் வேறொருவர். கதை நகர்ந்த மாதிரி இருக்கும், நகர்ந்திருக்காது. மூன்றுமுறை இப்படி ஏமாந்தவர் நாலாவது கொக்கியை நம்பமாட்டார்.

எழுதும்போதே இதைக் கண்டுபிடிக்கலாம். ஒவ்வொரு எபிசோட்டுக்கும் அதற்குள் பிறந்து அதற்குள் பதில் கிடைக்கும் ஒரு கேள்வியை ஒரே வரியில் எழுத வேண்டும். அடுத்தடுத்த இரண்டு எபிசோட்டுக்கு ஒரே கேள்வி வந்தால் அவை ஒன்றுதான்; சேர்த்துவிடலாம். ஒன்றுக்குக் கேள்வியே வராவிட்டால் அது நிரப்பல். பழைய 42 நிமிடத் தொடரில் இந்த வேலையை விளம்பரக் கட்டு தானாகவே செய்வித்தது. கட்டு போனபிறகு எழுதுபவரே அதைப் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. சிறந்த ஸ்ட்ரீமிங் தொடர்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால், ஒவ்வொரு எபிசோட்டும் தனியாக நிற்கும் ஒரு கதை என்பது தெரியும்.

இன்னொரு விலை, இடைவெளி. 22 எபிசோட் எடுத்த காலத்தில் சீசன் வருடாவருடம் வந்தது. 8 எபிசோட் எடுக்கும் இந்தக் காலத்தில் ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ நான்காம் சீசன் 2022 ஜூலையில் முடிந்து ஐந்தாவது 2025 நவம்பரில் வந்தது. சினிமா முறையில் எடுப்பதும், பின்தயாரிப்பு நீள்வதும், முழுவதும் முடிந்தபிறகே வெளியிட வேண்டியிருப்பதும் சேர்ந்து வரும் தாமதம் இது. எழுத்தாளர்களுக்கு இது பட்டினி. 2023இல் அமெரிக்கத் திரை எழுத்தாளர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்ததற்கு இதுவும் ஒரு காரணம்: சீசன் சுருங்கியதும் சம்பளம் கிடைக்கும் கிழமைகள் சுருங்கின, எழுத்தறைகளில் ஆளும் குறைந்தது, மறு ஒளிபரப்பில் வந்த பங்குத்தொகையும் தேய்ந்தது.

பிறகு பழைய வடிவங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. டிஸ்னி பிளஸ் 2019இல் ‘தி மண்டலோரியன்’ தொடரைக் கிழமைக்கு ஒன்றாக வெளியிட்டது. ஒரே நாளில் விட்டால் இரண்டு கிழமையில் பேச்சு அடங்கிவிடுகிறது, ஒரு மாதச் சந்தாவில் பார்த்து முடித்துவிட்டுப் போகிறார்கள் என்பது எல்லோருக்கும் விளங்கியது. நெட்பிளிக்ஸும் 2022இல் பெரிய தொடரை இரண்டாக உடைத்தது. அதே வருடம் நவம்பரில் விளம்பரத்தோடு கூடிய மலிவுச் சந்தாவைத் தொடங்கியது. பிரைம் வீடியோ 2024 ஜனவரியில் அமெரிக்காவில் விளம்பரத்தைக் கொண்டுவந்தது. இடைவேளை இல்லை என்று நினைத்து எடுத்த தொடருக்குள் விளம்பரத்தைச் செருகினால் அழுகை தொடங்கும் இடத்தில் சவர்க்காரம் வருகிறது. ஆகவே பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை காட்சி தானாக அடங்கும் ஓர் இடத்தை வைத்து எழுதுவது திரும்பவும் புத்தியான காரியம். கையில் போனை வைத்துக்கொண்டு பார்ப்பவர்களுக்காகப் பாத்திரங்கள் தாம் செய்வதை வாயால் சொல்ல வேண்டும் என்று தங்களிடம் கேட்கப்படுவதாகச் சில திரை எழுத்தாளர்கள் பொதுவெளியில் சொல்லியிருக்கிறார்கள். கறி தாளிப்பவருக்காக எழுதிய வசனம்தான் அது; அடுப்பு இருந்த இடத்தில் இப்போது போன்.

எண்ணும் முறையும் வடிவத்தைத் தொடுகிறது. நெட்பிளிக்ஸ் ஒரு காலத்தில் இரண்டு நிமிடம் பார்த்தாலே ஒரு பார்வை என்று கணக்கிட்டது. 2023 முதல், மொத்தமாகப் பார்த்த மணித்தியாலங்களைத் தொடரின் நீளத்தால் வகுத்து, முதல் 91 நாளுக்கான பட்டியலைப் போடுகிறது. 10 மணித்தியாலத் தொடரை ஒரு மணித்தியாலத்தில் விட்டுவிட்டுப் போனால் அது பத்தில் ஒரு பார்வைதான். வெறுமனே இழுத்து நீட்டுவதால் இந்தப் பட்டியலில் லாபமில்லை.

போனும் டேட்டாவும்

நம் பக்கத்தில் ஸ்ட்ரீமிங் என்பது பெரும்பாலும் கைபோன் திரையும் முற்பணம் கட்டிய டேட்டாவும். கணக்கைப் பார்க்கலாம். முழு உயர்தரப் படத்துக்கு நெட்பிளிக்ஸ் கேட்கும் வேகம் செக்கனுக்கு 5 மெகாபிட். அந்த வேகத்தில் ஒரு மணித்தியாலம் இறங்கினால் 2.25 ஜிபி. எட்டு எபிசோட் தொடரின் ஆறு மணித்தியாலத்துக்கு 13.5 ஜிபி. அதே செயலியைப் போனில் சிக்கன முறையில் வைத்தால் ஒரு ஜிபிக்கு ஏறக்குறைய 6 மணித்தியாலம் ஓடுகிறது. முழுத் தொடரும் ஒரு ஜிபி. இந்த வித்தியாசம் படத்தின் தரத்தில்தான் கழிகிறது.

வீடியோ முழுதாக வருவதில்லை. சில செக்கன் நீளமான துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் பல தரத்தில் வைத்திருப்பார்கள். இணைப்பின் வேகத்தைப் பார்த்து அடுத்த துண்டை எந்தத் தரத்தில் எடுப்பது என்று போன் தீர்மானிக்கும். தொடக்கத்தில் மங்கலாக வந்து பிறகு தெளிவது இதனால். தரம் இறங்கும்போது முதலில் கெடுவது இருட்டு. வீடியோவைச் சுருக்கும் முறை, கறுப்பின் மெல்லிய படிநிலைகளை முதலிலேயே தூக்கி எறிகிறது. வாவிக்கரையில் இரவில் எடுத்த காட்சி கட்டம் கட்டமான சேறாகிவிடும். அதை மத்தியானம் கல்முனை பஸ்ஸில் இருந்து பார்ப்பவருக்கு முகமே தெரியாது. இருட்டுக்காட்சி எடுக்கிறவர்கள் முகத்தின் ஒரு பக்கத்திலாவது வெளிச்சம் விழவிட்டு, வண்ணம் திருத்தியபிறகு 480 தரத்தில் இறக்கி, வெயிலில் நின்று போனில் பார்த்தபிறகே முடிவெடுக்க வேண்டும்.

யூடியூப் வைக்கும் அளவு

மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ ஒரு குழு தொடர் எடுத்தால் அது போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் யூடியூப். அங்கே அளவுகோல் வேறு. காணொளி 8 நிமிடத்தைத் தொட்டால்தான் நடுவில் விளம்பரம் வைக்கலாம். 2020 வரை அது 10 நிமிடம். இணையத் தொடர்களின் எபிசோட்கள் 9, 10, 12 நிமிடத்தில் வந்து நிற்பதற்குப் பின்னால் உள்ள எண் இதுதான். நீளக் காணொளிகளைக் கொண்டு விளம்பர வருமானத்துக்குத் தகுதிபெற 1000 சந்தாதாரரும் 12 மாதத்தில் 4000 மணித்தியாலப் பார்வையும் வேண்டும். 4000 மணித்தியாலம் என்பது 240,000 நிமிடம். ஒருவர் சராசரியாக 5 நிமிடம் பார்த்தால் 48,000 பார்வை தேவை. 8 நிமிடம் பார்க்க வைத்தால் 30,000 போதும். குட்டைக் காணொளிகளின் (ஷோர்ட்ஸ்) ஓடையில் சேரும் நேரம் இந்தக் கணக்கில் சேராது. நிலைக்குத்துத் துண்டுகளை விளம்பரத்துக்கு வைத்துக்கொண்டு, தொடரைப் படுக்கை வடிவில் தனியாகக் கட்டுவதே சரி.

சீனாவிலிருந்து வந்த நிலைக்குத்து நாடகங்கள் வேறு வியாபாரம்: ஒன்றிரண்டு நிமிட எபிசோட் 60, 80, 100; முதல் சில இலவசம், பிறகு ஒவ்வொன்றையும் காசு கொடுத்துத் திறக்க வேண்டும். இதே மாதிரிக் குறுநீளத்தை நம்பி 2020 ஏப்ரலில் 1.75 பில்லியன் டொலர் முதலோடு தொடங்கிய குவிபி என்ற அமெரிக்க ஸ்ட்ரீமிங் சேவை, 10 நிமிடத்துக்குட்பட்ட எபிசோட்களோடு அதே வருடம் டிசம்பர் முதல் திகதி மூடப்பட்டது. நீளத்தைக் குறைத்தால் மட்டும் ஆள் வராது.

எடுக்கும்போது அடிக்கடி கெடும் சில விஷயங்கள். இலங்கை மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். போன்கள் வழக்கமாகச் செக்கனுக்கு 30 படச்சட்டத்தில் எடுக்கும். குழல்விளக்கின் கீழ் படத்தில் கோடு ஓடுவது இதனால்தான். 25 படச்சட்டம், ஷட்டர் ஐம்பதில் ஒரு செக்கன் என்று பூட்டிவிட்டால் நின்றுவிடும். கல்லடிக் கடற்கரையில் மைக்கில் பஞ்சுறை மட்டும் போட்டால் காற்று உறுமும். மயிருறை வேண்டும், மைக் சட்டைக்குள் போக வேண்டும். ஒலியைக் கலந்து முடிக்கும்போது யூடியூப் வைத்திருக்கும் மட்டம் ஏறக்குறைய மறை 14 லஃப்ஸ் (LUFS, ஒலியின் உரப்பை அளக்கும் அலகு). அதைவிட உரத்து வந்தால் அது குறைக்கும். மெதுவாக வந்தால் தூக்கிவிடாது. மெதுவாகக் கலந்த வசனத்துக்கு நடுவே விளம்பரம் வெடிப்பது அதனால். சினிமாப் பாட்டைப் பின்னணியில் போட்டால் உரிமையாளரின் கணக்குக்கு வருமானம் போய்விடும். மத்தளமும் சல்லரியும் வாசிக்கத் தெரிந்தவர் இல்லாத ஊரா இது?

ஒரு கதை, மூன்று அளவு

குவைத்தில் ஆறு வருடம் வேலைசெய்த ஒருத்தி, யாருக்கும் சொல்லாமல் களுவாஞ்சிக்குடி வீட்டுப் படலைக்கு வருகிறாள். அவள் அனுப்பிய காசில் எழும்பிய வீடு அது. இப்போது வீட்டு உறுதிப்பத்திரம் தங்கையின் பெயரில், சீதனமாக. தங்கையின் புருஷன் உள்ளே இருக்கிறான்.

நாள்தொடரில் வேன் வந்து நிற்கும். படலைச் சத்தம், தாயின் முகம், தங்கையின் முகம், அவனுடைய முகம், மறுபடி தாய். ஒரு வார்த்தையும் இல்லாமல் ஒன்றரை நிமிடம், பிறகு விளம்பரம். உறுதி மாறிய சங்கதி மூன்றாவது கிழமை வெள்ளிக்கிழமைதான் அவளுக்குத் தெரியும். அதுவரை பக்கத்து வளவு மாமி நாளுக்கொருமுறை வந்து, “அவள் உழைச்ச காசெல்லோ” என்று தவறவிட்டவர்களுக்காகச் சொல்லிவிட்டுப் போவார்.

எட்டு எபிசோட்டில் தொடக்கமே நொத்தாரிசு அலுவலகம். தாய் கையெழுத்து வைக்கிறார். பார்ப்பவருக்குத் தெரியும், வருகிறவளுக்குத் தெரியாது. படலைக் காட்சிக்கு 9 செக்கன் போதும், பதற்றத்தைப் பார்ப்பவரே கொண்டுவந்துவிடுவார். முதல் எபிசோட்டின் கேள்வி: அவள் இன்றிரவு எந்த அறையில் படுப்பாள்? இரண்டாவது: அவள் பெயரில் வந்த கடிதத்தைப் பெற்றவர் யார்? மூன்றாவது: நாலாம் வருடத்துக்குப் பிறகு அனுப்பிய காசு எங்கே? நாலாவதில் தாயின் பக்கம் முழுதாகத் திறக்க வேண்டும். இதை ஏழுவரை ஒளித்துவைத்தால் நடு தொய்ந்துவிடும், தாயும் வெறும் கெட்டவர் ஆகிவிடுவார்.

யூடியூப்பில் 11 நிமிடம் வீதம் 6 எபிசோட். முதல் முப்பது செக்கனில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதுதான் அங்கே கதையின் விதி. வான்வழிக் காட்சியும் குழுவின் சின்னமும் அதைத் தின்னக்கூடாது. முதல் செக்கனில் படலை ஏற்கனவே திறந்திருக்கிறது. சாரத்தோடு ஒருவன் நின்று, “ஆரு வேணும்?” என்கிறான். தன் வீட்டு வாசலில் அவளிடம் கேட்கப்படும் கேள்வி. அதற்குப் பிறகுதான் தலைப்பு, 4 செக்கன். 6ஆவது நிமிடத்தை ஒட்டி அவள் பயணப்பெட்டியை விறாந்தையில் வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போகிறாள். காட்சி தானாக அடங்கும் இடம் அது, நடு விளம்பரத்தை அங்கே கையால் குறிக்கலாம்.

எபிசோட்டைத் தோஹாவில் இருப்பவர் வேலை முடிந்து பார்க்க வேண்டுமானால் இங்கே மாலை 7.30க்கு விட வேண்டும். அங்கே 5 மணி, இலண்டனில் பிற்பகல் 2, கோடையானால் 3. எல்லா எபிசோட்டையும் தொடர் வரிசையாக ஒரே பட்டியலில் கோத்து வைத்தால்தான் மூன்றாவதில் வந்து விழுந்தவர் முதலாவதைக் கண்டுபிடிப்பார். அடுத்த காணொளிக்கான பெட்டிகள் படத்தின் மேல் ஏறுவது முடிவிலுள்ள 5 முதல் 20 செக்கனுக்குள். அந்த நேரத்தில் முக்கியமான முகம் இருந்தால் பெட்டி மறைத்துவிடும், வசனம் இருந்தால் பார்ப்பவர் கேட்காமலே தொட்டுவிட்டுப் போவார். ஆகவே சேலைத் தலைப்பில் சாவியை முடிந்தபடி தாய் நிற்கும் முகத்தை அதற்கு முன்னரே வெட்டிவிட வேண்டும். மீதி இருபது செக்கனுக்குப் படலையும் ஒழுங்கையும் விறாந்தையில் கிடக்கும் பெட்டியும் போதும்.